மண்ணெருதும் மண்குதிரையும்: ‘காலமற்ற வடிவம்’ என்னும் கருத்துப் பற்றிய ஒரு நோக்கு

சிந்துவெளி நாகரிகத்துக்குரிய சுடுமண் விலங்குருக்கள் வைக்கப்பட்டுள்ள நூதனசாலைப் பேழைகளின் குறிப்புக்களிலும், அவற்றைப் பற்றிய நூல்களின் பட விளக்கங்களிலும், ஒரு சொல் திரும்பத் திரும்ப வரக் காணலாம். ‘விளையாட்டுப் பொருள் அல்லது வழிபாட்டுப் பொருள்’ என்பதில் வரும் ‘அல்லது’ என்பதே அது. இவ் ‘அல்லது’வை நாம் பெரும்பாலும் ஓர் அடக்கமான ஐயமாகவே எடுத்துக்கொள்கிறோம். இதனோடு கூடவே இன்னொரு கூற்றும் தவறாது இடம்பெறும். இன்றும் இந்தியக் கிராமங்களிலே குயவர் இவை போன்றனவற்றைச் செய்கின்றனர், ஐயாயிரம் ஆண்டுகளாக இம்மரபு மாறவில்லை என்பதே அக்கூற்று. முதலாவது ஐயப்பட வேண்டாத இடத்திலே ஐயப்படுகிறது. இரண்டாவது ஐயப்பட வேண்டிய இடத்திலே துணிந்து விடுகிறது. இவ்விரண்டும் ஒரே நோக்கிலிருந்து பிறந்தவை என்பதும், அந்நோக்கு இப்பொருள்களைச் செய்த மனிதனைக் கணக்கில் எடாதது என்பதும் என் கருத்து.

முதலிற் சான்றுகளை நோக்குவாம். மொகஞ்சதாரோ, ஹரப்பா ஆகிய இடங்களிலே கிடைத்தவற்றைச் சேர் ஜோன் மார்ஷல் 1924 இல் உலகுக்கு அறிவித்தார். 1931 இல் அவர் வெளியிட்ட மூன்று தொகுதிகளும், பின்னர் மொகஞ்சதாரோவிலும் 1935–36 இல் சன்ஹுதாரோவிலும் அகழ்வை நடத்திய ஏர்ணஸ்ற் மக்கேயின் அறிக்கைகளும் இவ்வுருக்களைத் திரளாகத் தந்தன. அவற்றுட் சில மிகுந்த சாதுரியம் உடையன. தலையைத் தனியே செய்து, கழுத்திலே துளையிட்டு, கயிறு கோத்து, இழுத்தால் தலையாட்டும்படி அமைத்த எருதுகள் உள்ளன. சில்லு பூட்டிய ஆட்டுக்கடாக்கள், கயிற்றிலே ஏறியிறங்கும் குரங்குகள், முதுகிலுள்ள துளையில் ஊதினால் ஒலிக்கும் பறவைகள் என்பனவும் உள்ளன. சட்டமும் திண்ணிய சில்லுகளும் கொண்ட சிறு வண்டில்கள் ஏராளம். இவற்றை விளையாட்டுப் பொருள்கள் அல்ல என்பார் இலர். ஆயின் இவற்றோடு ஒரே குப்பை மேட்டிலே, திமிலும் கொம்பும் கிள்ளியெடுக்கப்பட்ட, அசைவற்ற எளிய எருதுகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தபோது, அவற்றை என்னென்பது என்ற வினா எழுந்தது. மிகவும் கரடுமுரடானவை குழந்தைகளே பிசைந்து செய்தவையாகலாம் என மக்கே கருதினார். அகழ்வாளருள் அவர் ஒருவரேனும் குழந்தையைச் செய்வோனாகக் கண்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய பொருள்களைக் கலை விமர்சனத்தின் எல்லைக்குள் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்ரெல்லா கிராம்றிஷ் அம்மையார். 1939 இல் வெளிவந்த இந்தியச் சுடுமண் உருக்கள் பற்றிய அவரது கட்டுரை இத்துறையின் அடிப்படை வாசிப்பாக இன்றும் கொள்ளப்படுகிறது. அதிலே அவர் இவ்வுருக்களை இரண்டாகப் பிரித்தார். காலத்தின் முத்திரையைத் தாங்கியவை ஒருவகை. அச்சிலே வார்க்கப்பெற்று, அவ்வக்கால ஆடையணிகளையும் முகபாவங்களையும் காட்டுவன இவை. சுங்கர் காலம் முதற் குப்தர் காலம் வரை கௌசாம்பி, அகிச்சத்திரம், சந்திரகேதுகர் போன்ற நகரங்களிற் கிடைத்தவற்றுட் பல இவ்வகையின. மற்றையவை காலமற்றவை. கையாற் கிள்ளிப் பிசைந்து செய்யப்படுபவை. சிந்துவெளியிலிருந்தாலென்ன, சென்ற வாரத்துச் சந்தையிலிருந்தாலென்ன, வேறுபாடு காண முடியாதவை. 1968 இல் பிலடெல்பியா கலை நூதனசாலையிலே அவர் ஒழுங்கு செய்த ‘அறியப்படாத இந்தியா’ என்னும் கண்காட்சி, குலக்குழுக்களினதும் கிராமங்களினதும் சடங்குக் கலையை மேலைநாட்டவர்க்குப் பெருமதிப்போடு அறிமுகம் செய்தது. குயவனின் மண்குதிரையைக் கோயிற் சிற்பத்துக்கு நிகராக வைத்து நோக்கும் துணிவு அக்காலத்திற் பலரிடம் இருக்கவில்லை. இதற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் ‘காலமற்றது’ என்ற அவரது வகைப்பாடு ஆய்வுக்குரிய ஒரு வினாவை விடையாக மாற்றிவிட்டது என்பதைச் சொல்லாது விட முடியாது.

இரண்டு மண்ணெருதுகள் ஒத்திருப்பது எதனால்? களிமண்ணுக்கென ஓர் இயல்பு உண்டு. மெல்லிய கால் முறியும். ஆகவே கால்கள் குட்டையான கூம்புகளாகின்றன. இரு விரல்களுக்கிடையில் மண்ணை அழுத்தினால் திமில் வரும். அதே கிள்ளலிற் கொம்பும் வரும். சிறு மண்ணுருண்டையை ஒட்டி ஈர்க்கினாற் குத்தினாற் கண்ணாகும். இவ்வளவையும் செய்தறிய எவருக்கும் மரபு வேண்டுவதில்லை. மழை விட்ட முற்றத்திலே ஒரு பிள்ளையை இருத்திவிட்டாற் போதும். யாழ்ப்பாணத்துச் சிறுவர் நுங்குக் கோம்பை இரண்டைத் தடியிற் கோத்து வண்டில் உருட்டுவர். கோம்பையும் தடியும் இருக்குமிடத்திலே அவ்வண்டில் தானே தோன்றும். அதற்கு மூதாதை தேடிச் சிந்து நதிக்கரைக்குச் சென்ற அறிஞர் எவரையும் யான் அறியேன்.

இவ்விடத்து இன்னொன்றையும் குறிப்பிடலாம். கோம்பை வண்டில் இரண்டு வாரத்திலே காய்ந்து சிதைந்து விடும். மண்வண்டில் நாலாயிரம் ஆண்டு கிடக்கும். பெரும்பாணாற்றுப்படையிலே தச்சர் மனைச் சிறுவரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் உருட்டு தேர் மரத்தாலானது. பட்டினப்பாலையிலே, காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் மனைக் குழந்தைகள் குதிரை பூட்டாது உருட்டும் மூன்று சில்லுத் தேர் எதனாலானது என்று கூறப்படவில்லை. இவற்றுள் ஒன்றேனும் அகழ்வுக் குழியை எட்டியிருக்குமெனச் சொல்வதற்கில்லை. பண்டைய விளையாட்டுலகம் முழுவதும் மண்ணாலானது போல நமக்குத் தோன்றுவதற்கு, மண் ஒன்றே எஞ்சியது என்பதும் ஒரு காரணமாகும்.

வண்டில் பற்றிய சான்று வேறு வகையாகப் பேசுகிறது. ஹரப்பாக் காலத்து மண்வண்டில்களைச் சிந்து மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டில் ஓடிய மாட்டு வண்டிகளோடு அகழ்வாளர் ஒப்பிட்டனர். ஒப்புமை வியக்கத்தக்கதாகவே இருந்தது. ஆனால் இங்கே தொடர்ந்து வந்தது யாது? விளையாட்டுப் பொருள் செய்யும் மரபா? அன்று, வண்டிலே தொடர்ந்து வந்தது. வண்டல் நிலமும், எருதும், தானியம் ஏற்றும் தேவையும், அத்தேவைக்கு ஏற்ற தச்சு வேலையும் தொடர்ந்தன. ஒவ்வொரு தலைமுறைக் குழந்தையின் மண்வண்டிலும் அத்தலைமுறையின் பெரிய வண்டிலைப் பார்த்துச் செய்யப்பட்டது. இடையிலே ஆயிரம் ஆண்டு எவரும் மண்வண்டில் செய்யாது விட்டிருந்தாலுங்கூட, மீண்டும் செய்யப்படும்போது அது பழையதை ஒத்திருக்கும். டி. டி. கோசாம்பி, கிராம வழக்குகளிலே தொல்வரலாறு வாழ்வதைக் களத்திற் சென்று கண்டவர். எஞ்சி நிற்கும் வழக்கை உற்பத்தி முறையோடு சேர்த்தே நோக்கவேண்டும் என்ற அவரது நெறியை, அவரை மேற்கோள் காட்டும் அளவுக்கு நாம் கைக்கொள்வதில்லை.

குதிரைக்கு வருவோம், ‘காலமற்ற வடிவம்’ என்னும் கருத்து உடைவது இங்கேதான். இன்றைய தென்னாசியாவின் மண் விலங்குகளுள் மிகவும் புகழ் பெற்றவை குதிரைகளே. தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளின் ஐயனார் தோப்புக்களில் அவை வரிசை வரிசையாக நிற்கின்றன. வங்காளத்துப் பாங்குரா மாவட்டத்தின் பாஞ்ச்முரா ஊரிலே நீண்ட கழுத்தும் நிமிர்ந்த காதுகளும் உடைய குதிரைகள் தர்மதாக்கூருக்குப் படைக்கப்படுகின்றன. குஜராத்தின் பழங்குடிப் பிரதேசத்திலே போசினாவைச் சுற்றியுள்ள தோப்புக்களிலும் மண்குதிரைக் கூட்டங்களைக் காணலாம். ஆயின் சிந்துவெளியினரின் எண்ணற்ற விலங்குருக்களுள் ஐயத்துக்கிடமின்றிக் குதிரையெனக் கொள்ளத்தக்கது அரிதினும் அரிது. அவர்களது முத்திரைகளிலும் அது இல்லை. சுர்க்கோட்டடாவிற் கிடைத்த எலும்புகள் குதிரையினவா, அன்றி அதன் இனமான காட்டுக் கழுதையினவா என்று விலங்கெலும்பு ஆய்வாளர் தம்முள் மாறுபட்டனர். குதிரையை எப்படியாவது அங்கே கொண்டுவந்து நிறுத்தும் வேட்கை எதுவரை செல்லும் என்பதற்கும் சான்று உண்டு. உடைந்த ஒற்றைக்கொம்பு எருது முத்திரையொன்றின் படம் ‘குதிரை முத்திரை’ என்று காட்டப்பட்டதும், 2000 ஆம் ஆண்டில் ‘பிரண்ட்லைன்’ இதழிலே அது அம்பலப்படுத்தப்பட்டதும் பலரும் அறிந்த செய்தி.

ஆகவே இன்றைய மண்குதிரைக்கு ஒரு தொடக்கம் உண்டு. தொடக்கம் உடையது காலமற்றதாக இருத்தல் இயலாது. தமிழகத்திலே குதிரை கடல் வழியே வந்து இறங்கிய அருஞ்செல்வம் என்பதற்குப் பட்டினப்பாலை சான்று. அது பின்னரும் பல நூற்றாண்டுகள் அரசர் பொருள் கொடுத்து வருவிக்கும் விலங்காகவே இருந்தது. ஏரிலே பூட்டாத, குடியானவன் வீட்டில் நில்லாத ஒரு விலங்கை, குடியானவன் தன் ஊர்க்காவற் றெய்வத்துக்குக் கொடுக்கிறான். இரவிலே எல்லையைச் சுற்றிவரும் ஐயனாரின் தோற்றத்திலே பாளையக்காரர் காலத்துக் குதிரைவீரனின் சாயல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இது ஊகமே. ஆயினும் வரலாற்று ஊகம். மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இடந்தருவது. ‘காலமற்றது’ என்பதற்கு அந்த வாய்ப்பே இல்லை.

தொழில்நுட்பமும் இதனையே காட்டுகிறது. சிந்துவெளி எருது பெரும்பாலும் கையாற் பிசைந்த சிறு உரு. பாங்குராக் குதிரையின் கால்களும் கழுத்தும் உடலும் திரிகையிலே தனித்தனியாக உள்ளீடற்று வனையப்பட்டு, பின்னர் ஒட்டப்படுபவை. ஐயனார் குதிரைக்கு மண்ணோடு மணலும் உமியும் கலந்து, ஈரம் உலர உலரப் பகுதி பகுதியாக உயர்த்தி, ஆளுயரத்தையும் கடந்து எழுப்புகின்றனர். மூன்றும் மூன்று கைத்திறன்கள். ‘மண்ணாலான விலங்கு’ என்ற ஒரு தலைப்பின் கீழ் இவற்றை அடுக்கியது நூலகமேயன்றிக் குயவர் அல்லர்.

இனி அந்த ‘அல்லது’. சத்தீஸ்கரிலே ஆவணிப் புரட்டாசியை ஒட்டிய அமாவாசையில் ‘போரா’ என்னும் உழவர் திருநாள் வரும். அன்று குயவரிடமிருந்து சில்லு பூட்டிய மண்ணெருதுகளையும், சிறு மண் அடுப்பு, திரிகைக்கல், சட்டி முதலியவற்றையும் வாங்குவர். முதலில் அவற்றுக்கு வீட்டிலே பூசை நடைபெறும். பூசை முடிந்ததும் எருது ஆண்பிள்ளைகளின் கைக்குப் போகும்; அடுப்பும் சட்டியும் பெண்பிள்ளைகளின் கைக்குப் போகும். தெருவெங்கும் எருது உருளும். வட கருநாடகத்திலே ஆனி மாதத்தை அண்டி வரும் அமாவாசை ‘மண்ணெத்தின அமாவாசை’ எனப்படும். எத்து என்பது கன்னடத்தில் எருது. விதைப்புக் காலத்தையொட்டி மண்ணெருதுகளைச் செய்து வழிபடுவர். இவ்வெருதுகள் விளையாட்டுப் பொருளா, வழிபாட்டுப் பொருளா? போராவின் காலைக்கும் மாலைக்கும் இடையிலே மண்ணில் யாதொரு மாற்றமும் நிகழவில்லை. மாறியது அதனை ஏந்திய கை. ஆயிரம் ஆண்டின் பின் அவ்வூரின் குப்பை மேட்டை அகழ்பவர் முறிந்த எருதொன்றை எடுத்து ‘விளையாட்டுப் பொருள் அல்லது வழிபாட்டுப் பொருள்’ என்று எழுதுவாராயின், அவர் அறியாதது விடையை மட்டுமன்று. வினாவே பிழை என்பதையும் அவர் அறியார். சிந்துவெளி உருக்களும் பெரும்பாலும் வீடுகளிலும் தெருக்களிலும் குப்பைகளிலுமே கிடைத்தன என்பதை இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். போராவின் எருது மொகஞ்சதாரோவின் எருதுக்கு வழித்தோன்றல் என்று நான் கூறவில்லை. வினாவைத் திருத்திக்கொள்ள அது உதவுகிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்பது மிகை.

பண்டைய இந்தியர் இப்பொருள்களை எவ்வாறு பிரித்து நோக்கினர் என்பதற்கு எதிர்பாராத இடத்திலே ஒரு சான்று உண்டு. பாணினியின் இலக்கணத்திலே, ஒன்றன் உருவத்தைச் சுட்டும் பெயராக்கத்துக்கு ஒரு விதி வருகிறது. அச்வம் என்பது குதிரை. குதிரையின் உருவம் ‘அச்வக’. அதை அடுத்து, பிழைப்புக்கு வழியாக உள்ளனவாயினும் விற்பனைக்கு அல்லாத உருவங்களுக்கு அவ்விகுதி கெடும் என்ற விதியும் வருகிறது. தெய்வத் திருவுருக்கள் இவ்வகையின என உரைகாரர் கொண்டனர். பொன் வேட்கையால் மௌரியர் திருவுருவங்களைச் செய்வித்தனர் என்ற பதஞ்சலியின் புகழ்பெற்ற குறிப்பு இவ்விடத்தைப் பற்றியதே. விளையாட்டு, வழிபாடு என்ற பிரிவு அங்கு இல்லை. விற்பது, விற்காதது என்ற பிரிவு உண்டு. நமது நூதனசாலைக் குறிப்புக்களைவிட அவ்விலக்கணம் சமூகத்துக்கு அண்மையில் நிற்கிறது.

சூத்திரகரின் மிருச்சகடிகமும் இதையே வேறு வகையிற் காட்டும். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை ‘மண்ணியற் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். நாடகத்துக்குப் பெயர் தந்தது ஒரு குழந்தையின் மண்வண்டி. அயல்வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியோடு விளையாடிய உரோகசேனனுக்கு, அது திரும்பப் போனபின் பணிப்பெண் ஒரு மண்வண்டி செய்து கொடுக்கிறாள். அவன் அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அவ்வண்டியை நிரப்புகிறாள். பின்னர் அந்நகைகளே வழக்கு மன்றத்திலே சாருதத்தனுக்கு எதிரான சான்றாகின்றன. மண்வண்டி என்பது இங்கே இந்தியாவின் ஆதி ஆன்மாவன்று. பொன் வண்டி வாங்க இயலாத வீட்டின் வண்டி. அக்குழந்தைக்கு அது நன்கு தெரியும். விமர்சகரே அதனை மறந்தார்.

இவ்வளவும் கூறியபின், தொடர்ச்சி என ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது வடிவத்தில் அன்று, தொழிலோனின் நிலையிலே தேடப்பட வேண்டியது. நற்றிணையின் 200 ஆம் பாட்டிலே நொச்சி மாலை சூடிய முதுகுயவன் ஊரிலே விழாவை அறிவித்துச் செல்கிறான். 293 ஆம் பாட்டிலே அவன் பலியிடுகிறான். புறநானூறோ ஈமத்தாழி வனையும்படி அவனையே விளித்து வேண்டுகிறது. பிறப்பவர்க்குச் சட்டியும் இறப்பவர்க்குத் தாழியும் தெய்வத்துக்குப் பலியும் ஒரே கையிலிருந்து வந்தன. இன்று பாண்டிநாட்டுப் பகுதிகளிலே வேளார் எனப்படும் குயவர் பல ஐயனார் கோயில்களிற் பூசகராகவும் இருக்கின்றனர். ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுத்த பின்னரே அவர் குதிரை செய்யத் தொடங்குவார். புரவியெடுப்பு நாளிலே கண் திறக்கும் வரை அது மண். திறந்தபின் தெய்வத்தின் வாகனம். தோப்பிற் கொண்டுபோய் நிறுத்திய பின் அதனை எவரும் செப்பனிடுவதில்லை; மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து மீண்டும் மண்ணாகும். அடுத்த முறை புதிய குதிரை அருகில் வந்து நிற்கும். நற்றிணைக் குயவனுக்கும் இவ்வேளாருக்கும் இடையிலான ஒப்புமை என்னைச் சிந்திக்க வைக்கிறது. ஆனால் அப்பாடல்களிலே மண்குதிரை இல்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பணி பழையதாகவும் பொருள் புதியதாகவும் இருக்கலாம். கிராம்றிஷ் அம்மையாரின் வகைப்பாடு இதற்கு நேர்மாறானது. அதிலே பொருள் என்றும் பழையது. அதைச் செய்பவன் யாரென்பது ஒரு பொருட்டன்று.

இதனால் வரும் தீங்கு ஏட்டளவில் நிற்பதன்று. பாங்குராக் குதிரை இந்திய அரசின் கைப்பணி விற்பனையகத்துக்குச் சின்னமாயிற்று. நகரத்து வரவேற்பறைகளுக்குச் சென்றது. ‘காலமற்ற’ பொருளுக்குக் கூலி நிர்ணயிப்பது எளிதன்று போலும்: ஐயாயிரம் ஆண்டு மரபுக்கு விலை சொல்லப்படுகிறது, சேறு மிதிக்கும் நாட்களுக்கும், சூளைக்கு வேண்டிய விறகுக்கும் சொல்லப்படுவதில்லை. அத்துடன், மரபு மாறாதது என்று நம்புவோர், குயவன் மாற்றிச் செய்தால் அதனைச் சீரழிவு என்கின்றனர். சிமெந்துக் குதிரையைக் கண்டு முகஞ்சுளிக்கும் நமது அறிஞர், களிமண் எடுத்த குளம் யார் கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

தமிழராகிய நாமும் இவ்வகையிற் குற்றமற்றவர் அல்லோம். கீழடி அறிக்கை 2019 இல் வெளிவந்தபோது, அங்குள்ள சுடுமண் உருக்களும் வட்டச்சில்லுகளும் ஆட்டக்காய்களும் பலரது கையிலே உடனடியாகச் சிந்துவெளிக்கு இட்ட பாலமாயின. சிந்து எழுத்தின் மொழி திராவிடமாகலாம் என்ற கருதுகோளுக்கு ஐராவதம் மகாதேவன், அஸ்கோ பர்ப்போலா போன்றோர் எழுத்தையும் மொழியையும் கொண்டு உழைத்தனர். அக்கருதுகோள் மண்ணெருதின் திமிலிலே தங்கியிருக்கவில்லை. தங்கச் செய்வது அதற்கு நாம் செய்யும் உதவியுமன்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டளவில் வைகைக் கரையிலே ஒரு நகர வாழ்வு தொடங்கியிருந்தது என்பதும், அங்கே பிள்ளைகள் ஓட்டாஞ்சில்லைத் தேய்த்து வட்டமாக்கி விளையாடினர் என்பதும் தம்மளவிலே நிறைவான செய்திகள்.

நமது நாட்டிலும் இவ்வினாக்களுக்குரிய பொருள்கள் இல்லாமல் இல்லை. புத்தளத்தை அடுத்த தப்போவையிலும் வில்பத்து வனத்து மறதன்மடுவையிலும் கிடைத்த சுடுமண் மனித, விலங்கு உருக்களைப் பீ. ஈ. பீ. தெரணியகல ஒரு தனிப் பண்பாட்டின் எச்சங்களாக இனங்கண்டார். குளக்கரைக் காவற் றெய்வமாக ஐயனார் வன்னித் தமிழரிடையிலும், ஐயநாயக்கர் சிங்களக் கிராமத்தவரிடையிலும் வழிபடப்படுவதை இவற்றோடு இணைத்துப் பேசும் ஆசை எழுவது இயல்பு. இணைக்குமுன், உருக்கள் எந்த மண்ணால், எவ்வகைச் சூளையில், எவராற் செய்யப்பட்டன என்ற கேள்விகள் முன்னிற்க வேண்டும்.

இக்கேள்விகளைக் கேட்கும் முறை நமக்குப் புதியதன்று. தொன்மையான இந்தியச் சுடுமண் உருக்கள் பற்றி 1928 இல் எழுதி இத்துறைக்கு வழிதிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. அக்கட்டுரை உருக்களை உருக்களாகவே நோக்கி, தாய்த்தெய்வம், வளமை ஆகிய கருத்துக்களின் வழியே செல்வது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1908 இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ வேறொரு நூல். கண்டி இராச்சியத்துக் கைவினைஞரை அவரவர் ஊரிலே சென்று கண்டு, அவர்கள் எந்த நிலத்தை எந்தச் சேவைக்காகப் பெற்றிருந்தனர், அந்நிலமுறை குலைந்தபோது கைத்திறன் என்னவாயிற்று என்பதையெல்லாம் அது கூறுகிறது. மட்பாண்டம் வனைவோரும் அதிலே இடம்பெறுகின்றனர். சுடுமண் உருக்களைப் பற்றி எழுதும் நம்மவர் 1928 ஆம் ஆண்டுக் கட்டுரையையே நாடுகின்றனர். 1908 ஆம் ஆண்டு நூல் நூலகத்தின் வேறொரு தட்டிலே இருக்கிறது.